எஞ்சின் செய்த மொரிஸ் மைனர் சிக்னலில் நின்றுபோகிறதா? காபரேற்றரைக் கடைசியில் தொடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அப்பாவின் 1961 மொரிஸ் மைனர், 948 சிசி எஞ்சின். சிலிண்டரைப் போர் அடித்து (உள்ளே கடைந்து), புது பிஸ்டனும் ரிங்கும் வால்வும் போட்டு, ஹெட்டையும் சீவிப் பூட்டி ஆறு வாரம் ஆகிறது. காலையில் வெள்ளவத்தையில் இருந்து புறப்படும்போது ஒரு குறையும் இல்லை. பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஐட்லிங் குலுங்கத் தொடங்குகிறது. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்தால் நாலைந்து தரம் உதறிவிட்டு நின்றுபோகிறது. ஓட்டத்தில் நன்றாக இழுக்கிறது. சோக்கை அரைவாசி இழுத்துப் பிடித்தால் நிற்காது. கராஜில் காபரேற்றரின் (பெற்றோலையும் காற்றையும் கலப்பது) ஜெட்டையும் அதற்குள் இறங்கும் ஊசியையும் மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது முழுக் காபரேற்றரையும் மாற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். எஞ்சின் கழற்றுவதற்கு முன் இதே காபரேற்றர் ஒழுங்காக வேலை செய்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கராஜ் மூலையில் ஒரு மாதம் சும்மா இருந்த சாமான் அதற்குள் கெட்டுப்போகக் காரணமில்லை. எஞ்சின் செய்தபோது எங்கெங்கே கை பட்டதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்: வால்வு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுவது), மனிஃபோல்ட் (ஹெட்டில் பூட்டும் காற்று, புகைக் குழாய்கள்), வயர்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக மைனரும் ஒஸ்ரினும் வைத்து ஓட்டுகிறேன், நண்பர்களுடைய கார்களையும் பார்த்துக் கொடுக்கிறேன். காபரேற்றர் பிழை என்று என்னிடம் கொண்டுவந்த கார்களில் பெரும்பாலானவற்றில் பிழை வேறு எங்கோதான் இருந்தது.

பார்க்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் வால்வும் கம்பிரஷனும், அடுத்தது கரண்ட், பிறகு காற்றுக் கசிவு, எல்லாம் சரி என்றான பிறகுதான் பெற்றோல். காபரேற்றர் ஸ்குரூவைத் திருப்பி மற்ற மூன்றின் குறையையும் கொஞ்ச நாளைக்கு மூடிவைக்கலாம். அப்படி மூடிவைத்தால் உண்மையான பிழை எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. உங்கள் காரில் ஏற்கெனவே ஜெட், ஊசி இரண்டும் மாற்றியாகிவிட்டது. பழையவற்றை எறியாமல் வைத்திருந்தால் நல்லது.

கார் எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தீர்களா? இது செலவில்லாத பரிசோதனை. சுவிட்சை அணைத்ததுபோல ஒரே கணத்தில் சத்தமில்லாமல் நின்றால் அது கரண்ட். மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கி, உதறி, மெல்ல அணைந்தால் அது பெற்றோல் அல்லது காற்று. ஒரே சீராக “டப், டப்” என்று ஒரு சிலிண்டர் விடுபட்டு ஓடினால் வால்வு, பிளக் அல்லது பிளக் வயர். நீங்கள் சொல்வது உதறி நிற்பது. அத்துடன் சூடான பிறகுதான் வருகிறது. எனக்கு முதல் சந்தேகம் டப்பெட், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமத்தும் ரொக்கருக்கும் இடையே விடும் சிறு இடைவெளி, இரண்டாவது சந்தேகம் இன்லெட் மனிஃபோல்ட்.

டப்பெட்டிலிருந்து தொடங்குவோம். ஹெட்டைச் சீவினால் ரொக்கர் இருக்கும் மட்டம் கீழே இறங்குகிறது, ரொக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ்ரொட்டின் நீளமோ மாறுவதில்லை. அதனால் இடைவெளி குறைகிறது. வால்வு சீட்டை வெட்டி வால்வை உட்கார வைத்தால் வால்வுத் தண்டு மேலே ஏறுகிறது, அதனாலும் குறைகிறது. புது கஸ்கட் சூட்டில் படிந்து, ஹெட் நட்டை மறுபடி இறுக்கினால் இன்னும் குறைகிறது. மூன்றும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. எஞ்சினைப் பூட்டிய அன்று சரியாக வைத்த இடைவெளி ஐந்நூறு கிலோமீற்றரில் இல்லாமல் போவது இதனால்தான். இடைவெளி இல்லாத வால்வு சூடாகி நீளும்போது முழுதாக மூடாது. வேகமாக ஓடும்போது இந்தக் கசிவு அவ்வளவாகத் தெரியாது, ஐட்லிங்கில் ஒவ்வொரு அடிக்கும் நேரம் கூட என்பதால் அழுத்தம் முழுக்க வெளியேறிவிடும். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் குலுங்கி, ஓட்டத்தில் மறைந்துபோகும் வியாதிக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் குறைவு.

அளவு 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு கையால் சுற்றுங்கள், அப்போது எஞ்சின் பாரமில்லாமல் சுழலும். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டினால் 9 வர வேண்டும் என்பதுதான் கணக்கு. 8ஆவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது 1ஆவதைப் பாருங்கள், 6ஆவது அமுங்கியிருக்கும்போது 3ஆவதை. மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் வகை எஞ்சின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடியுடன் வழுக்கி வர வேண்டும், தொங்கவும் கூடாது, இழுத்துப் பறிக்கவும் கூடாது. பழைய ரொக்கரையே திரும்பப் பூட்டியிருந்தால் அதன் நுனியில் வால்வுத் தண்டு குழி தோண்டியிருக்கும். கேஜ் அந்தக் குழிக்கு மேலே பாலம்போல நிற்கும், நீங்கள் 0.012 என்று நினைப்பது உண்மையில் அதைவிடக் கூடவாக இருக்கும். அப்படியானால் ரொக்கரைக் கழற்றி நுனியைச் சரிசெய்ய வேண்டும்.

எட்டு இடைவெளியையும் திருத்துவதற்கு முன் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். எல்லோரும் நேராகத் திருத்தத்தான் போவார்கள், ஆனால் நோயைச் சொல்வது அந்தப் பழைய எண்கள்தான். நான்கு எக்ஸாஸ்ட் வால்வும் (1, 4, 5, 8) மட்டும் இறுகியிருந்தால் வேறு ஒரு கேள்வி எழுகிறது. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது. இந்த எஞ்சின்கள் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் போடாமல் வெறும் வார்ப்பிரும்பில் வெட்டியிருந்தால், வால்வு சீட்டுக்குள் மெல்லமெல்லப் புதைந்துகொண்டே போகும், இடைவெளியும் குறைந்துகொண்டே வரும். வளையம் போட்டார்களா என்று லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். போடவில்லையென்றாலும் பதறத் தேவையில்லை. அடிக்கடி இடைவெளி பார்த்து ஓட்டலாம். காலி வீதியில் முப்பது நாற்பதில் போகும் காருக்குத் தேய்வு மெதுவாகத்தான் நடக்கும்.

பிளக் கழன்றிருக்கும்போதே கம்பிரஷனும் பார்த்துவிடலாம். அக்சிலரேற்றரை அடிமட்டம் வரை அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று அடியுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அடுத்தடுத்த இரண்டு, உதாரணமாக 2உம் 3உம், சேர்ந்து குறைவாக இருந்தால் அவற்றுக்கிடையே கஸ்கட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குறைவென்றால் ஒரு கரண்டி எஞ்சின் ஒயிலை பிளக் துவாரத்தில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. புது ரிங் இன்னும் படியாமல் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆறு வாரத்து எஞ்சினில் எல்லாமே கொஞ்சம் குறைவாக இருந்தால் அது பிழையல்ல.

இனி கரண்ட். உங்கள் கார் உதறி நிற்கிறது என்பதால் இது எனக்கு மூன்றாவது சந்தேகம்தான். ஆனாலும் விட்டுப்போகாதீர்கள், ஏனென்றால் எனக்கு நடந்தது அப்படி.

என்னுடைய மைனர் எஞ்சின் செய்து வந்த புதிதில் பம்பலப்பிட்டியில் மழைக்குள் நின்றது. அடித்தால் ஸ்டார்ட் வரும், ஐட்லிங்குக்கு இறங்கினால் நிற்கும், கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பிடித்தால் ஓடும். அப்போது ஜெட்டைத் திருப்பித் திருப்பியே ஒரு கிழமை போனது. பிறகு ஒரு நாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, பொயின்ட் (கரண்டைத் தொட்டு விடும் சின்ன சுவிட்ச்) பூட்டியிருக்கும் தட்டை ஒரு விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். வெளியே இருந்து உள்ளே பொயின்டுக்குப் போகும் வயர் இரண்டு அங்குலம்கூட இராது. பார்வைக்குப் புதிதுபோலவே இருந்தது. விரலால் வளைத்தபோது ஓரிடத்தில் மட்டும் ரப்பர் துண்டுபோல மடிந்தது. மேலுறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே செம்புக் கம்பிகளில் இரண்டே இரண்டு இழைதான் மிச்சம். ரேஸ் கொடுக்கும்போது வக்யூம் அந்தத் தட்டைக் கொஞ்சம் திருப்பும், அப்போது இழைகள் ஒன்றோடொன்று தொடும். ஐட்லிங்கில் தட்டு பழைய இடத்துக்கு வரும், தொடர்பு விட்டுப்போகும். நான் ஒரு கிழமை காபரேற்றரில் தேடியது இங்கே கிடந்தது.

ஆகவே அந்த வயரை வளைத்துப் பாருங்கள். தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குப் போகும் சின்ன எர்த் வயரையும் பாருங்கள். பொயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். பிளக் இடைவெளி 0.025. பிளக் வயர் ஒழுங்கு 1-3-4-2 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் இடப்பக்கமாக, கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுற்றும் என்பதை ஜப்பான் கார்களில் பழகிய கைகள் மறந்துவிடும். வலப்பக்கமாக எண்ணிச் செருகினால் 1உம் 4உம் சரியாக விழும், 2உம் 3உம் மாறிப்போகும். இரண்டு சிலிண்டரில் உதறிக்கொண்டு ஓடும்.

கண்டென்சரும் ரோட்டரும் புதிது என்பதால் நல்லது என்று நினைக்காதீர்கள். இப்போது வருகிற மலிவான ரோட்டர்களில் நடுவே ஒரு ரிவெட் இருக்கும், அது வழியாகக் கரண்ட் உள்ளே தண்டுக்கு இறங்கிவிடுகிற கோளாறு எல்லோருக்கும் தெரிந்ததே. மூடியைக் கழற்றி, கொயிலின் பெரிய வயரை ரோட்டரின் பித்தளைத் தலைக்கு மேல் ஒரு சிறிய இடைவெளியில் பிடித்துக்கொண்டு, சுவிட்ச் போட்ட நிலையில் பொயின்டைக் கையால் திறந்து மூடுங்கள். வயரை நேரே கையால் பிடிக்க வேண்டாம், ரப்பர் பிடி போட்ட குறடால் பிடியுங்கள். பொறி பாய்ந்தால் ரோட்டர் உள்ளே ஓட்டை. பாயவில்லையென்றால் நல்லது. சூட்டில் மட்டும் செயலிழக்கும் கண்டென்சர்களும் உண்டு. பழையது ஒன்று நல்லதாக இருந்தால் அதைப் பூட்டி ஓட்டிப் பாருங்கள்.

பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் கொயில் வாங்கினீர்களா? ஜப்பான் காரிலிருந்து எடுத்த கொயில்களில் அநேகமானவை வெளியே ஒரு தடை வயருடன் ஓட வேண்டியவை, உள்தடை 1.5 ஓம் அளவில் இருக்கும். மைனருக்கு 3 ஓம் அளவிலான கொயில் வேண்டும். மற்றதை நேராகப் பூட்டினால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும், பொயின்ட் கருகும், ரஃபிக்கில் நிற்கும். மீற்றரை வைத்து ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம்.

காற்றுக் கசிவுதான் இந்தக் கேள்வியின் நடுப்பகுதி, நிதானமாகப் பார்ப்போம்.

சோக் இழுத்தால் நிற்கிறதில்லை என்றீர்கள். இதைக் கேட்டதும் கலவை மெலிந்திருக்கிறது, எங்கோ காற்று இழுக்கிறது என்று எல்லோரும் முடிவுகட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். மைனரில் இருக்கும் எஸ்யூ காபரேற்றரில் சோக் கம்பியை இழுக்கும்போது முதலில் நடப்பது த்ரொட்டில் (அக்சிலரேற்றர் திறக்கும் தட்டு) சற்றுத் திறப்பதுதான், ஜெட் இறங்குவது அதற்குப் பிறகு. ஆகவே நீங்கள் கண்ட முன்னேற்றம் ஐட்லிங் வேகம் கூடியதனாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, எஞ்சின் சூடாக ஓடும்போது காபரேற்றருக்குக் கீழே இருக்கும் சிறு ஊசியால், அது இல்லாவிட்டால் மெல்லிய ஸ்குரூ டிரைவரால், காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்டனை (எஞ்சின் பிஸ்டன் அல்ல) ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. உடனே உதறி நின்றால் பெற்றோல் குறைவு, அல்லது காற்று கூட.

குறைவு என்று வந்தால், இந்த ஹெட்டின் அமைப்பு நமக்கு உதவும். ஏ-சீரிஸ் ஹெட்டில் இன்லெட் வழி இரண்டே இரண்டுதான். 1உம் 2உம் ஒரு வழியில் மூச்சு விடும், 3உம் 4உம் மற்றதில். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அது 1-2 சோடியாகவோ 3-4 சோடியாகவோ வந்தால் கையை நேராக அந்தப் பக்க மனிஃபோல்டில் வைக்கலாம். நான்கும் ஒரேமாதிரிச் சோர்ந்திருந்தால் கசிவு காபரேற்றர் பக்கத்தில், அல்லது த்ரொட்டில் தண்டில்.

மனிஃபோல்ட் ஏன் கசிகிறது? இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ஒரே தடித்த வாஷர் இரண்டு தோளிலும் மிதித்துக்கொண்டு அமுக்குகிறது. இரண்டு தோளும் ஒரே தடிப்பில் இருந்தால்தான் அழுத்தம் பங்கிடப்படும். எஞ்சின் செய்யும்போது யாரோ ஒருவர் ஒரு பக்கத்தை மட்டும் அரத்தால் ராவிவிட்டால், அல்லது வேறு காரின் எக்ஸாஸ்டைப் பூட்டிவிட்டால், வாஷர் உயர்ந்த தோளில் மட்டும் உட்காரும், மற்றது தளர்ந்தே இருக்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது. கழற்றி, இரும்பு அடிமட்டத்தை இரண்டு முகத்திலும் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரிந்துவிடும்.

கசிவைத் தேடும் முறை: பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலில் வெறும் தண்ணீர். எஞ்சின் ஓடும்போது மனிஃபோல்ட் பொருந்தும் இடத்தில், காபரேற்றர் அடியில், த்ரொட்டில் தண்டின் இரு முனைகளில் மெல்லத் தெளியுங்கள். தெளித்த இடத்தில் சத்தம் மாறினால் அங்கேதான். காபரேற்றர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். கீழேயே பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் இருக்கிறது, அந்தப் பழக்கம் வேண்டாம். தோட்டக் குழாயில் ஒரு முழத் துண்டை வெட்டி ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையால் தேடினாலும் “ஸ்ஸ்” என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். த்ரொட்டில் தண்டு தேய்ந்திருக்கிறதா என்று அறிய, இரண்டு முனையிலும் தடித்த ஒயிலைத் தூரிகையால் பூசுங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஐட்லிங் சீரானால் தண்டு தேய்வுதான். புதுத் தண்டும் புஷ்ஷும் போட்டால் போதும், முழுக் காபரேற்றர் தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வக்யூம் குழாயைக் காபரேற்றர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் டயஃபிரம் நல்லது.

பொனெற்றைத் திறந்திருக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே ஒரு தடித்த எர்த் பட்டி இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பரின் காரில், எஞ்சினைப் பச்சைப் பெயின்ட் அடித்து அழகாகப் பூட்டியிருந்தார்கள், பட்டியையும் பூட்டியிருந்தார்கள், ஆனால் பெயின்டுக்கு மேலே. ஸ்டார்ட்டர் அடித்தபோது தற்செயலாகச் சோக் கம்பியில் என் கை பட்டது, சுட்டது. எர்த் போக வேறு வழியில்லாமல் கரண்ட் முழுக்கச் சோக் கம்பி வழியாகத்தான் திரும்பியிருக்கிறது. அந்தக் கார் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று அவராலேயே சொல்ல முடியாதிருந்தது. பட்டியின் இரண்டு முனையிலும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று உலோகம் தெரிந்ததும் பூட்டினோம், அன்றோடு தீர்ந்தது. கொழும்பின் கடல் காற்றில் நல்ல இணைப்புகூட வருடத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டியதுதான்.

சரி, இதுவரை எல்லாம் சரியாக வந்தால் இப்போது காபரேற்றருக்கு வரலாம். உங்கள் ஜெட் மாற்றப்பட்டிருக்கிறது என்பதால் முதல் கேள்வி, அதை மையப்படுத்தினார்களா? பிஸ்டனை விரலால் முழுக்க உயர்த்தி விடுங்கள். “டக்” என்று இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்க வேண்டும். ஜெட்டைக் கீழே இறக்கிவிட்டும் ஒருமுறை பாருங்கள். இறக்கினால் டக் என்று விழுந்து, ஏற்றினால் மெத்தையில் விழுவதுபோல விழுந்தால் ஊசி ஜெட்டின் பக்கத்தில் உரசுகிறது. ஜெட் நட்டைத் தளர்த்தி, ஊசி தானாக நடுவுக்கு வரும்வரை மெல்ல அசைத்து இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் புது ஜெட் போட்டால் பழைய ஜெட்டே பரவாயில்லை. ஊசியின் தோள் பிஸ்டன் முகத்தோடு சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தொடங்கும் அளவுக்கு ஜெட்டை மேலே பாலத்தோடு சமமாக வைத்துவிட்டு நட்டை இரண்டு சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை (நட்டின் ஆறு முகங்களில் ஒன்று ஒரு பட்டை), கீழே இறக்குங்கள். அங்கிருந்து ஒரு பட்டை ஒரு பட்டையாகத் திருத்தி, பிஸ்டனை உயர்த்தும் அந்தப் பரிசோதனையால் முடியுங்கள். காபரேற்றரின் மேல் மூடியைத் திறந்து ஊற்றும் ஒயில் ஐட்லிங்கை மாற்றாது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பெற்றோல் பம்ப் உங்களுக்குப் பேசிக் காட்டும். சுவிட்ச் போட்டதும் டிக்டிக் என்று வேகமாக அடித்து, கிண்ணம் நிரம்பியதும் ஓய வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவிட்சை மட்டும் போட்டு வைத்து, பம்ப் சில நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு டிக் அடித்தால் மிதவை ஊசி மூடவில்லை, பெற்றோல் வழிந்துகொண்டிருக்கிறது. சூட்டில் உதறி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை.

வெயிலில் பெற்றோல் ஆவியாகிறது என்ற விளக்கத்தை எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், காபரேற்றர் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கார் இது, மதியம் மருதானையில் நின்று நின்று போனால் ஆவியாகும். ஆனால் இதே கார் கழற்றுவதற்கு முன் இதே வெயிலில் ஓடியது. நின்ற உடனே நனைத்த துணியைப் பம்பிலும் மிதவைக் கிண்ணத்திலும் போர்த்தி இரண்டு நிமிடம் விட்டு அடியுங்கள். உடனே ஸ்டார்ட் வந்தால் ஆவிதான். காபரேற்றருக்கும் மனிஃபோல்டுக்கும் இடையே இருக்க வேண்டிய தடித்த பேக்கிங் கட்டையைப் பூட்ட மறந்தார்களா என்று பாருங்கள். பெற்றோல் தொட்டி மூடியைத் திறக்கும்போது காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் மூடியின் துவாரம் அடைபட்டிருக்கிறது.

கடைசியாக, நான் மனதில் வைத்திருக்கும் ஒரு பயம். டைமிங் செயினைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தவறியிருக்கலாம். வக்யூம் கேஜ் ஒன்று கடன் வாங்குங்கள், இன்லெட்டில் பூட்டுங்கள். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால், நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். ஒழுங்கான இடைவெளியில் முள் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை. எப்போதும் தாழ்வாக, ஆனால் அசையாமல் நின்றால் இன்லெட் கசிவு அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியும் முள் ஏறாவிட்டால், கசிவும் இல்லையென்றால், முன் மூடியைக் கழற்றி இரண்டு சக்கரத்திலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று பார்க்கத்தான் வேண்டும். அது ஒரு முழுநாள் வேலை, அதனால்தான் கடைசியில் சொன்னேன்.

எல்லாம் முடிந்த பிறகும், புது எஞ்சின் இறுக்கமாக இருப்பதால் முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஐட்லிங்கை நிமிடத்துக்கு 850 அல்லது 900 சுற்றில் வைத்து ஓட்டுங்கள். ஹெட் நட்டுகளை 40 இறாத்தல்-அடி (lb-ft) இறுக்கத்தில், நடுவிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். இறுக்கிய அன்றே டப்பெட் திரும்பவும் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த எட்டு இடைவெளியையும் திருத்துவதற்கு முன் அளந்து, நான்கு கம்பிரஷன் எண்களோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மனிஃபோல்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.